கூட்டத்துக்கு முன் பரிமாறிய சோறு

ஜெஃப் வார்ட்லோ மேயராக வந்தால் அவருக்குத் துணை மேயராக வரப்போகிறவர் யார்? 1998ஆம் ஆண்டின் குளிர்காலம் முழுவதும் நியூசிலாந்தின் பாபடோயிட்டோய் வட்டாரத்தில் மழையைப் போலவே ஓயாமல் பெய்துகொண்டிருந்த கேள்வி அது. வீட்டு வாசலில் இலவசமாகப் போடப்படும் உள்ளூர்ப் பத்திரிகை அக்கேள்வியை வாரந்தோறும் கிளறியது. ஒரு வாரம் வீட்டுத் தரகர் ஒருவரின் படம் வரும். மறுவாரம் ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரி ஒருவரின் படம் வரும். ஓகஸ்ட் மாதத்தில் வந்த படம் புஷ்பவதி நோபேட்டினுடையது.

துணை மேயரை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்வதில்லை. வென்ற உறுப்பினர்களுள் ஒருவரைச் சபையே தெரிவு செய்யும். ஆயினும், 'இவரே என் துணை' என்று மேயர் வேட்பாளர் எவருடைய தோளில் கை வைக்கிறாரோ அவருக்கே அப்பதவி பெரும்பாலும் போய்ச் சேரும். வார்ட்லோவின் கை இன்னும் எவருடைய தோளிலும் இறங்கவில்லை. அது புஷ்பவதியின் தோளுக்கு மேலேதான் வட்டமிடுகிறது என்று பத்திரிகை எழுதியது.

அதை வாசித்த நாள்முதல் அவருடைய கணவர் நோபேட்டுக்கு நிலை கொள்ளவில்லை.

"மேயருக்குச் சங்கிலி போடுவினம். துணை மேயருக்கும் ஒரு சின்னச் சங்கிலி போடுவினம் போல. துணை மேயரின்ர புருசனுக்கு ஏதும் இல்லையோ?" என்று அவர் ஒருநாள் கேட்டார்.

"உங்களுக்குப் போடுறதெண்டால் மாட்டுச் சங்கிலிதான் போடவேணும். போய் அந்த உடுப்புகளை மழைக்குள்ள இருந்து எடுத்துக்கொண்டு வாங்கோ," என்றார் புஷ்பவதி.

புஷ்பவதி இலங்கையின் மன்னாரில் பிறந்தவர். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். எண்பதுகளின் இறுதியில் கணவருடனும் கைக்குழந்தையுடனும் ஓக்லாண்டுக்கு வந்து இறங்கியபோது, அந்த உத்தியோகத்தின் பெயரைக் கூட இங்கே எவருக்கும் விளக்க இயலவில்லை. விமான நிலையத்துக்கு அருகே, பயணிகளுக்கான உணவுத் தட்டுகளை அடுக்கும் சமையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1991இல் தொழிற்சட்டம் மாறியது. அதைத் தொடர்ந்து, முதலாளிமார் ஒவ்வொரு தொழிலாளியையும் தனித்தனியே அறைக்குள் அழைத்து, வார இறுதி வேலைக்கான மேலதிகச் சம்பளத்தை விட்டுக்கொடுக்கும் புதிய ஒப்பந்தத்தை நீட்டினார்கள். சாமோவாப் பெண்களும் இந்தியப் பெண்களும் நிறைந்த அந்தக் கூடத்தில், "தனியே ஒருவரும் கையெழுத்து வைக்கக் கூடாது, போனால் எல்லாரும் சேர்ந்தே அறைக்குள் போவோம்" என்று முதலில் சொன்னவர் புஷ்பவதி. அந்தச் சிறிய அறைக்குள் அத்தனை பேரும் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்த காட்சியைக் கண்ட மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் ஒதுங்கினாராம். அந்த மேலதிகச் சம்பளம் மேலும் மூன்று வருடங்கள் தங்கியது.

அதன் பின்னர்ப் பிள்ளையின் பாடசாலைத் தெருவுக்கு ஒரு பாதசாரிக் கடவை கேட்டு மாநகர சபையின் படிகளில் ஏறினார். கேட்டது கிடைக்கும்வரை ஏறிக்கொண்டேயிருந்தார். இந்தப் பெண்மணிக்குப் பின்னால் வாக்குகள் இருக்கின்றன என்பதை அப்போது உறுப்பினராக இருந்த வார்ட்லோ கவனித்துக்கொண்டார். மேயர் பதவிக்குப் போட்டியிட அணி திரட்டியபோது, புஷ்பவதியைத் தம் வேட்பாளர் பட்டியலில் சேர்த்தார். 'புஷ்பவதி' என்ற பெயர் அவருடைய நாவுக்கு நீளமாக இருந்தமையால் 'புஷ்' என்று சுருக்கிக்கொண்டார்.

செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில் வார்ட்லோவைத் தமிழ் மக்களுக்கு அறிமுகப்படுத்துவதற்காகப் புஷ்பவதி தம் வீட்டுக் கராஜில் ஒரு கூட்டம் வைத்தார். காரை வெளியே நிறுத்தி, தேவாலயத்திலிருந்து இரவல் வாங்கிய கதிரைகளை அடுக்கினார்கள். கூட்டம் முடிந்ததும் ஆளுக்கு இரண்டு ரோல்ஸும் தேநீரும் கொடுப்பது என்பதே திட்டம். ஆனால், மவுண்ட் ரோஸ்கிலில் தமையன் வீட்டில் தங்கியிருந்த யோகராணி அந்தத் திட்டத்தைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"என்னக்கா, மேயராக வரப்போற மனுசன் வீடு தேடி வாறார். ரெண்டு ரோல்ஸைக் கையில குடுத்து அனுப்பப்போறியளே? சனம் என்ன கதைக்கும்?"

"தேர்தல் கூட்டம், ராணி. கலியாண வீடில்லை."

"நீங்கள் பேசாமல் இருங்கோ. அடுப்படியை எனக்கு விடுங்கோ."

யோகராணி கணவனைப் போரில் இழந்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து பார்வையாளர் விசாவில் வந்து, வதிவிட உரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள். அந்த விண்ணப்பத்துக்காகப் புஷ்பவதி அவளுடன் அலையாத அலுவலகம் இல்லை. கைம்மாறாகக் கொடுக்க அவளிடம் இருந்தது கைப்பக்குவம் மட்டுமே. அன்று பிற்பகல் புஷ்பவதி வேலை முடிந்து வீடு திரும்பியபோது, பெரிய அண்டாவில் ஆட்டிறைச்சிக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, குவியலாகச் சோறு. கடிந்துகொள்ள வாய் திறந்த புஷ்பவதி, மணத்தை மூச்சில் இழுத்தார்; மனம் நிறைந்து போயிற்று; கை கழுவிக்கொண்டு கரண்டியை எடுத்தார்.

கூட்டத்துக்கு ஆட்கள் வந்து நிறைந்தனர். வார்ட்லோ வரவில்லை. மோட்டர்வேயில் விபத்து, வாகனங்கள் நகரவில்லை, தாமதமாகும் என்று தொலைபேசியில் செய்தி வந்தது. வந்திருந்தவர்களிற் பாதிப்பேர் விமான நிலைய வேலையிலிருந்து நேரே வந்தவர்கள். கராஜின் தகரக் கதவுக்குக் கீழே குளிர்காற்று புகுந்தது. குழந்தைகள் சிணுங்கத் தொடங்கினார்கள். சமையலறையின் மணமோ கதவைத் தாண்டி வந்து ஒவ்வொருவராய் விசாரித்துக்கொண்டிருந்தது.

"வேட்பாளரைக் காணேல்லை, கறியாவது வருமோ?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

எல்லாரும் சிரித்தார்கள். புஷ்பவதி எழுந்து நின்றார். "பசியோட இருத்தி வைச்சுப் பேச்சுக் கேட்கச் சொல்ல எனக்கு மனமில்லை. முதல் சாப்பிடுங்கோ. அவர் வரட்டும், பிறகு கதைப்பம்," என்று அறிவித்துவிட்டு, தாமே நின்று பரிமாறினார். வார்ட்லோ வந்து சேர்ந்தபோது அவருடைய கையிலும் ஒரு தட்டைக் கொடுத்தார்கள். அவர் கறியை உண்டு, காரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசி முடித்தார். கூட்டம் கைதட்டிக் கலைந்தது.

அத்துடன் விட்டிருந்தால் காரியம் கெட்டிராது. ஆனால், நோபேட் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். எந்தக் கூட்டம் நடந்தாலும் அறிக்கை எழுதாமல் அவருக்கு உறக்கம் வராது. எழுதினால், வரவேற்புரையில் தொடங்கி, நன்றியுரையைக் கடந்து, 'வந்திருந்த அனைவருக்கும் விருந்து வழங்கப்பட்டது' என்ற வாக்கியத்தில் முடிப்பார். நம்மவர் கூட்ட அறிக்கைகள் வேறு எப்படி முடியும்? விருந்தைக் குறிப்பிடாமல் விட்டால், உபசரித்தவரை அவமதித்ததாக ஆகிவிடும் அல்லவா? அந்த வழக்கப்படியே, பேச்சுக்கு முன்னர் அனைவருக்கும் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் வயிறார வழங்கப்பட்டதென்று ஆங்கிலத்தில் அழகாக எழுதினார். புஷ்பவதி கரண்டியும் கையுமாக நிற்க, வார்ட்லோ தட்டுடன் சிரிக்கும் படத்தையும் இணைத்தார். தாமே காரில் கொண்டுபோய் உள்ளூர்ப் பத்திரிகையில் சேர்த்துவிட்டு வந்தார்.

பத்திரிகை அதை ஓர் எழுத்தும் மாற்றாமல் வெளியிட்டது. அடுத்த வாரம், எதிரணியினர் தேர்தல் அதிகாரியிடம் முறைப்பாடு கொடுத்துவிட்டார்கள் என்ற செய்தி முதற்பக்கத்தில் வந்தது. 'வாக்குக்குக் கறி' என்பது தலைப்பு.

வாக்காளரைக் கவரும் நோக்குடன் உணவளிப்பது இந்த நாட்டில் தேர்தற்குற்றம். தேர்தல் கூட்டம் முடிந்த பின்னர்ச் சிற்றுண்டி கொடுக்கலாம். அதற்குச் சட்டம் இடந்தருகிறது. புஷ்பவதி கொடுத்தது சிற்றுண்டியும் அன்று; கொடுத்தது கூட்டம் முடிந்த பின்னரும் அன்று. இவ்விரண்டு உண்மைகளையும், படத்துடன், கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவருடைய சொந்தக் கணவர்.

நோபேட் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "கொலைகாரனும் தன்ர கையால இப்பிடி எழுதிக் குடுக்க மாட்டான்."

"நடந்ததைத்தானே எழுதினீங்கள்? இனி நடக்கவேண்டியதைப் பாப்பம்," என்றார் புஷ்பவதி.

மறுநாள் மாலை பாஸ்கரன் வந்தார். அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்து கணினித் துறையில் நல்ல நிலையில் இருந்தவர். வார்ட்லோவின் தேர்தல் வேலைகளை ஒழுங்கமைப்பவர். தேநீரைத் தொடாமலே பேசத் தொடங்கினார்.

"மேடம், ஜெஃப் ரொம்ப அப்செட்டா இருக்கார். ஆனா ஒண்ணு சொல்றேன், உங்களை விடவே மனசில்ல அவருக்கு. துணை மேயர் அறிவிப்பு அடுத்த வாரம் வருது. நீங்கதான். கிட்டத்தட்ட முடிவாயிடுச்சு."

கதவோரம் நின்ற நோபேட் நிமிர்ந்தார்.

"இந்தச் சாப்பாட்டு விஷயம் மட்டும் உங்க மேலேர்ந்து இறங்கணும். அவ்வளவுதான்," என்று பாஸ்கரன் தொடர்ந்தார். "சமைச்சது யோகராணி. நீங்க டீ, ரோல்ஸ்னுதான் ஏற்பாடு பண்ணீங்க. உங்களைக் கேக்காம அவங்களா செஞ்சாங்க. இது உண்மைதானே? நான் பொய் சொல்லச் சொல்லலையே?"

"அவதான் சமைச்சவ. ஓம், உண்மை," என்றார் புஷ்பவதி.

"அதைத்தான் ஒரு அறிக்கையா கொடுக்கச் சொல்றோம். அவங்க பேரைப் போட்டு. அதிகாரி அவங்களைக் கூப்பிட்டு ரெண்டு கேள்வி கேப்பார். விஷயம் முடிஞ்சுது."

"ராணியின்ர வதிவிட விண்ணப்பம் உள்ளுக்குக் கிடக்குது. பொலிஸ் நற்சான்று கேட்டிருக்கினம். இப்ப தேர்தற்குற்றமெண்டு அவவின்ர பேர் எழும்பினால் என்ன நடக்குமெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

பாஸ்கரன் தேநீர்க் கோப்பையை ஒரு பக்கமாக நகர்த்தினார். "தெரியும் மேடம். அதெல்லாம் நாம பாத்துக்கலாம். நீங்க உள்ள வந்துட்டா அவங்களுக்கே எவ்வளவோ உதவி செய்யலாம். கொஞ்சம் பெரிசா யோசிங்க."

"ராணி பானையை அடுப்பில வைச்சா. அதைக் கண்டு சந்தோசப்பட்டது நான். முதல் சாப்பிடுங்கோ எண்டு சொன்னது நான். கரண்டி என்ர கையில இருந்தது, படத்திலயும் இருக்குது. நீங்கள் சொல்லுறது உண்மையில பாதி. அந்தப் பாதியைக் கொண்டு மற்றப் பாதியை மூடச் சொல்லுறீங்கள். நான் மாட்டன், பாஸ்கரன்."

"அவசரப்படாதீங்க. ராத்திரி யோசிச்சுட்டு..."

"யோசிச்சாச்சு. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ. இதை ஒருத்தரும் குற்றமெண்டு சொல்ல மாட்டினம்."

செய்தி எப்படியோ மவுண்ட் ரோஸ்கிலை எட்டியது. அழுது வீங்கிய முகத்துடன் யோகராணி மறுநாள் வந்து நின்றாள். "அக்கா, என்னால உங்கட பதவி போகக் கூடாது. நான்தான் எண்டு நானே போய்ச் சொல்லுறன். திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும்."

"எங்க அனுப்புவாங்கள் எண்டு தெரிஞ்சுதான் கதைக்கிறீரோ?" என்று புஷ்பவதி அதட்டினார். "நீர் இதுக்குள்ள வாயைத் திறந்தீரெண்டால், பிறகு இந்த வீட்டுப் படி ஏற விடமாட்டன். அதோட, அந்தக் கறிக்கு உப்புக் கொஞ்சம் கூட. அதுக்கு வேணுமெண்டால் மன்னிப்புக் கேளும்."

அழுகைக்கு நடுவே யோகராணிக்குச் சிரிப்பு வந்தது. "உப்பு அளவாத்தான் இருந்தது," என்று அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாதாடினாள்.

அழைப்பு வரும்வரை புஷ்பவதி காத்திருக்கவில்லை. வேலைக்கு அரைநாள் விடுமுறை எடுத்து, நோபேட்டையும் அழைத்துக்கொண்டு, தேர்தல் அதிகாரியின் அலுவலகத்துக்குத் தாமே சென்றார். அதிகாரி நரைத்த தலையும் மென்மையான குரலும் உடையவர். நடந்ததை முதலிலிருந்து முடிவுவரை புஷ்பவதி ஒழுங்காகச் சொன்னார். சட்டம் தமக்குத் தெரியாது என்றார். தெரியாமை பொறுப்பைக் குறைக்காது என்பது தமக்குத் தெரியும் என்றும் சொன்னார்.

"சமையலில் உங்களுக்கு உதவியவர்கள் யார்?" என்று அதிகாரி கேட்டார்.

"உதவி இருந்தது. ஆனால், வேட்பாளர் நான். வீடு என்னுடையது. அழைத்ததும் நான், உண்ணச் சொன்னதும் நான், பரிமாறியதும் நான். என்னை விசாரிப்பதற்கு இன்னொருவரின் பெயர் உங்களுக்குத் தேவையா?"

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "இப்போதைக்குத் தேவையில்லை. பொலிசாருக்கு அனுப்ப வேண்டியது என் கடமை. அவர்கள் கேட்டால்?"

"அவர்களுக்கும் இதே பதிலைச் சொல்வேன்."

திரும்பும் வழியில் நோபேட், கண்ணாடியில் ஓடும் மழைத்துடைப்பானைப் பார்த்தபடி, "நீர் பயப்பிடேல்லையோ?" என்று கேட்டார்.

"பயந்தனான்தான். கையை மடிக்குள்ள வைச்சிருந்ததை நீங்கள் காணேல்லையோ?"

அந்த வாரக் கடைசியில் வார்ட்லோ தம் துணையை அறிவித்தார். வீட்டுத் தரகர்தான். புஷ்பவதிக்குத் தம் அணியின் ஆதரவு இனி இல்லை என்றும் அறிவித்தார். ஆனால், வாக்குச் சீட்டுகள் ஏற்கனவே அச்சாகி, தபாலில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் புஷ்பவதியின் பெயருக்கு அருகில் வார்ட்லோ அணியின் பெயர் அச்சாகியிருந்தது. அதை அழிக்க எவராலும் இயலாது. தம்மை ஆதரிக்காத அணியின் வேட்பாளராய், அணி அச்சிட்ட துண்டுப்பிரசுரங்களில் தம் படம் மட்டும் இல்லாதவராய், அவர் தனித்து விடப்பட்டார்.

விலகிவிடும்படி பலர் சொன்னார்கள். சங்கத்துக்குக் கெட்ட பெயர் என்று சிலர் சொன்னார்கள். அன்று இரண்டு முறை சோறு வாங்கி உண்டவர்களும் அவர்களுள் அடங்குவர்.

புஷ்பவதி குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். வேலை முடிந்து வந்த கையோடு, இருட்டும்வரை கதவு கதவாகத் தட்டினார். கதவு திறந்ததும், எவரும் கேட்பதற்கு முன்னர்த் தாமே சொன்னார்: "பத்திரிகையில் வந்த கறிக்காரி நான்தான். உணவு கொடுத்தது உண்மை. கொடுத்திருக்கக் கூடாது, சட்டம் தெரியாமற் செய்துவிட்டேன். அதிகாரியிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன். வேறு ஏதும் கேட்க வேண்டுமா?"

சிலர் கதவை மூடினார்கள். சிலர் சிரித்தார்கள். டொங்கா நாட்டு முதியவர் ஒருவர், தம் வீட்டிலும் விருந்தினருக்கு முதலில் உணவு கொடுப்பதே முறை என்று சொல்லி, தம் பிள்ளைகளையெல்லாம் வாசலுக்கு அழைத்து அவருடன் கைகுலுக்க வைத்தார். தெருக்கள் நீண்டுகொண்டே போயின. புஷ்பவதியின் சப்பாத்துக்குள் மழைநீர் சளசளத்தது. நோபேட் காரில் மெதுவாகப் பின்தொடர்ந்து, தெருமுனைகளில் காத்திருந்து, தேநீர்ப் போத்தலை நீட்டினார். அறிக்கை எதுவும் அவர் எழுதவில்லை.

பொலிசாரின் கடிதம் ஒக்ரோபர் தொடக்கத்தில் வந்தது. வழக்குத் தொடரப்போவதில்லை, எச்சரிக்கை மட்டும். அதில் புஷ்பவதியின் பெயரைத் தவிர வேறு பெயர் இருக்கவில்லை. அதை அவர் பாஸ்கரனுக்குக் காட்டவுமில்லை, பத்திரிகைக்குக் கொடுக்கவுமில்லை. எச்சரிக்கை என்றால் எச்சரிக்கைதான், அதைப் பாராட்டுப் பத்திரமாக ஏந்திக்கொண்டு திரிய முடியாது என்று நோபேட்டிடம் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை வாக்குகள் எண்ணப்பட்டன. வார்ட்லோ மேயராக வென்றார். வட்டாரத்துக்கு உரிய ஆசனங்களுள் கடைசி ஆசனம், சொற்ப வாக்கு வித்தியாசத்தில், புஷ்பவதிக்குக் கிடைத்தது. ஆனால், வார்ட்லோவின் அணிக்குச் சபையில் பெரும்பான்மை கிடைக்கவில்லை. இரு பக்கமும் சமமாக நின்றன. நடுவில் எந்தப் பக்கத்திலும் சேராமல் நின்றவர் புஷ்பவதி ஒருவரே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோதே தொலைபேசி ஒலித்துக்கொண்டிருந்தது. வார்ட்லோவின் குரல்.

"புஷ், வாழ்த்துகள்! அற்புதமான வெற்றி. பழையதை மறந்துவிடுவோம். துணை மேயர் விடயத்தை நான் மீண்டும் யோசித்தேன். அது உங்களுக்கே உரியது. தரகரிடம் பேசிவிட்டேன், அவர் விட்டுக்கொடுப்பார். என்ன சொல்கிறீர்கள்?"

அருகில் காதை நீட்டிக்கொண்டிருந்த நோபேட் இரண்டு கைகளையும் குவித்தார்.

"ஒரு கேள்வி," என்றார் புஷ்பவதி. "யோகராணியின் பெயரைக் கொடுக்கச் சொன்ன நாளில், அவருடைய வதிவிட விண்ணப்பம் நிலுவையில் இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"பாஸ்கரன் சொன்னார். அது தேர்தல் நேரம், புஷ். எனக்கு அப்படி ஆலோசனை சொல்லப்பட்டது."

"தெரிந்தே கேட்டீர்கள். நேராகச் சொன்னதற்கு நன்றி. பதவி எனக்கு வேண்டாம்."

"உங்களுக்குப் புரிகிறதா நீங்கள் எதை..."

"நன்றாகப் புரிகிறது. வெள்ளிக்கிழமை சபையில் சந்திப்போம், மேயர் அவர்களே." தொலைபேசியை மெதுவாக வைத்தார்.

நோபேட் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். "கையில கொண்டுவந்து தந்ததை வேண்டாமெண்டிட்டீர்! உமக்கு என்ன பிடிச்சது?"

"அந்தக் கதிரையில போய் இருந்தால், நாளைக்கு அவர் இன்னொருத்தியின்ர பேரைக் கேட்பார். கேட்டால் குடுக்கிற ஆளெண்டு நினைச்சுத்தான் இப்பவும் கூப்பிடுறார். என்ர வாக்கு ஒண்டில்லாமல் அவருக்கு ஒண்டும் ஓடாது. அது என்ர கையில இருக்கட்டும். நல்லதைக் கொண்டுவந்தால் ஓமெண்டுவன். கெட்டதைக் கொண்டுவந்தால் இல்லையெண்டுவன். அவர் தருகிற கதிரையில இருந்துகொண்டு அப்பிடிச் சொல்லேலுமோ?"

நோபேட் கதிரையை விட்டு எழும்போதே தொலைபேசி மீண்டும் ஒலித்தது. அவர் அதையும் மனைவியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எடுங்கோ," என்றார் புஷ்பவதி, தேவாலயத்துக்கு உடுத்திய சேலையின் ஊசிகளைக் கழற்றியபடி. "எடுத்து, ஆரெண்டாலும் சரி, தன்ர வாக்கை அவ சபையிலதான் சொல்லுவா எண்டு சொல்லுங்கோ."